குடிக்காத ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் உண்டா? வேலை அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கேள்வியிலேயே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். அநேகமாக உங்கள் வீட்டில் யாரோ ஆர்கெஸ்ட்ராவில் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், சரியா? மதுரையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் பல வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எங்களில் குடிப்பவர்கள் உண்டு. பேங்கில் வேலை பார்ப்பவர்களிலும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை.

வாசிப்பதில் பெரிய அழுத்தம் இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டினால் டிரான்ஸ்போஸ் பட்டனில் அரைக்கட்டை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். டி.எம்.எஸ். பிறந்த ஊரில் அவர் பாட்டைப் பாடும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஒரு சங்கதி விட்டாலும் முன்வரிசைப் பெரியவர் உதட்டைப் பிதுக்கிவிடுவார். அதுகூட ஒரு சுகம்தான்.

மற்றதுதான் ஆளைத் தின்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஏழு மணிக்குக் கச்சேரி என்று பேச்சு. முளைப்பாரி கோயிலுக்கு வந்து சேரவே ஒன்பதரை. அதுவரை மைக்கைத் தொடக்கூடாது. சாமி பாட்டை முடித்து அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தோம், எஸ்.ஐ. வந்து நின்றார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது. "யப்பா, ஆஃப் பண்ணு" என்கிறார். "தம்பி, நீங்க வாசிங்க, நாங்க பேசிக்கிறோம்" என்கிறது கமிட்டி. இரண்டு பக்கமும் முறைப்பது எங்களைத்தான். நிறுத்தினோம். "அரை மணி நேரந்தானே வாசிச்சீங்க" என்று பாதிப் பணத்தை நீட்டினார்கள். வேன்காரரிடம் போய், பாதி தூரம்தான் வந்தோம் என்று நான் சொல்ல முடியுமா?

அதன் பிறகு, மீதிப் பணம் கைக்கு வராமல் எங்கள் குழுவில் முதல் பாட்டு கிடையாது. திமிர் என்பார்கள், சொல்லட்டும். எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது இதனால்தான். டாக்டரிடம் போகாதீர்கள் என்று நான் சொன்னதாகக் கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். தேவைப்பட்டால் போகத்தான் வேண்டும்.

நானும் போனேன், காதுக்கு. டிரம்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்து, வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கொய்யென்ற சத்தம். தூங்க முடியாது, அந்த எரிச்சல் எல்லாம் மனைவி மேல் விழும். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 என்றால் 15 நிமிடம்தான் என்றார் டாக்டர். எங்கள் மேடையில் நூறெல்லாம் சர்வ சாதாரணம். இப்போது இயர் பிளக் இல்லாமல் ஏறுவதில்லை. "காதை அடைச்சுக்கிட்டு என்னத்த வாசிக்கிறான்" என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ரிதம் பேட் வாசிப்பவரும் இப்போது வாங்கிவிட்டார்.

அழகர் ஆற்றில் இறங்காத 2020, 2021 இரண்டு வருடமும் எங்களுக்குச் சீசனே இல்லை. எனக்குத் தெரிந்து குடியில் விழுந்த சிலர் அப்போது விழுந்தவர்கள்தான். சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் செய்த வேலை அது. கச்சேரி மேல் பழி போடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. "ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் யாருப்பா கேட்டைத் திறக்கிறது?" என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார் ஒரு வீட்டுக்காரர். அடுத்த மாதமே போன் செய்கிறார், மகளுக்கு வளைகாப்பாம். "தம்பி, சும்மா ஒரு மணி நேரம் வந்து வாசிச்சுட்டுப் போங்களேன்." சும்மாவாம்!