ஹிச்சன்ஸ் புத்தகத்தைத் தொடரலாமா?

பிரிட்டிஷ் பத்தி எழுத்தாளர் பீட்டர் ஹிச்சன்ஸின், பழைய பிரிட்டன் அழிந்துபோனது என்று வாதிடும் 'தி அபோலிஷன் ஆஃப் பிரிட்டன்' 30 பக்கத்திலேயே எரிச்சலூட்டுகிறது, விமர்சனங்களோ ஒன்று ஐந்து நட்சத்திரம் இல்லையென்றால் ஒற்றை நட்சத்திரம், தொடரலாமா என்று கேட்டிருந்தீர்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். பத்திரிகைப் பத்தியில் வம்புக்கு இழுக்கிற அதே கைதானே. ஆனால் 1965இல் சர்ச்சிலுக்கும் 1997இல் டயானாவுக்கும் நடந்த இறுதிச் சடங்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். அவர் முடிவு எனக்கும் உடன்பாடில்லை, பார்வை கூர்மை. அதற்கப்புறம் புலம்பல்தான் அதிகம்.

சரி, முடியவில்லையென்றால் மூடிவைத்துவிட்டு 2010இல் வந்த 'தி ரேஜ் அகெய்ன்ஸ்ட் காட்' எடுங்கள். நாத்திகரான அண்ணன் கிறிஸ்டோபருக்கு, நாத்திகத்தை விட்டுக் கிறிஸ்தவத்துக்குத் திரும்பிய தம்பி பீட்டரின் பதில் மாதிரி. பள்ளி மைதானத்தில் பைபிளைக் கொளுத்தப் போய், அது லேசில் பற்றிக்கொள்ளாத கதையை அவரே சொல்கிறார். அங்கே வேறொரு ஆள் தெரிவார்.