இரண்டாம் இடத்தில் நின்ற இசைத்தட்டு: கேள்வி பதில்

1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' என்ற இரு பாடல்களை ஒரே சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறிய இசைத்தட்டாக, வெளியிட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தத் தட்டு மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலியாக, வந்தது. ஸ்டீரியோவில் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் இப்படியா ஒலித்தது?" என்று கேட்காதீர்கள்.

திருச்சி வாசகர்: இரண்டு பெரிய பாடல்களை ஏன் ஒரே தட்டில் வீணாக்கினார்கள்?

அவசரம்தான் காரணம். 1966 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவர்களிடமிருந்து புதிய சிங்கிள் எதுவும் வரவில்லை. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் நெருக்கினார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கையில் முடிந்திருந்ததைக் கொடுத்தார். சிங்கிளாக வந்த பாட்டை எல்.பி. என்னும் பல பாட்டுள்ள பெரிய தட்டில் மறுபடி சேர்ப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அதனால் அந்த ஆண்டு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' எல்.பி. இந்த இரண்டையும் இழந்தது. தன் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு இதுதான் என்று மார்ட்டின் பிற்காலத்தில் வருந்தினார்.

கோவை, கர்நாடக இசை மாணவி: 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டில் இரண்டு பதிவுகளை ஒட்டியிருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, அம்மா. இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். 1966 நவம்பர் 24 அன்று லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு தொடங்கியது. ஏழாவது டேக், அதாவது ஏழாவது முறை பதிவு செய்தது, மென்மையாக அமைந்தது. பாட்டை எழுதிப் பாடிய ஜான் லெனனுக்கு மனம் நிறையவில்லை. டிரம்பெட், செல்லோ எல்லாம் சேர்த்து இன்னொரு வடிவம் செய்தார்கள். அது 26ஆவது டேக். பிறகு, முதலாவதின் தொடக்கமும் இரண்டாவதின் முடிவும் பிடித்திருக்கின்றன, சேர்த்துவிடுங்கள் என்றார் லெனன். இரண்டுக்கும் சுருதியும் வேறு, காலப்பிரமாணமும் வேறு.

நல்வாய்ப்பாக, வேகமான பதிவின் சுருதிதான் உயரமாகவும் இருந்தது. ஒலிநாடாவின் ஓட்டத்தைக் குறைத்தால் காலமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். அதை நம்பித்தான் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் நாடாவை வெட்டி ஒட்டினார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்ததும் அந்த ஒட்டு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். லெனனின் குரல் அங்கே சட்டென்று கனத்துவிடும். தம்புராவோடு பழகிய காது இதைப் பிடித்துவிடும். நடுவே சரம் சரமாக உதிரும் நாதம் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் மீட்டிய சுவரமண்டல். இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டுவார்களே, அதே வாத்தியம்தான்.

சேலம் வாசகர்: பாட்டின் முடிவில், குழுவின் பால் மெக்கார்ட்னியைப் புதைத்துவிட்டேன் என்று லெனன் சொல்கிறாராமே?

இல்லை. லெனன் சொல்வது ஒரு பழச்சாந்தின் பெயரை, 'கிரான்பெரி சாஸ்' என்று. இதைப் பற்றி இனி யார் கேட்டாலும் பதில் எழுத மாட்டேன்.

சென்னை வாசகர்: நம் ஊர்க்காரர் ஒருவர் பீட்டில்ஸைத் தோற்கடித்தார் என்கிறார்களே?

எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் மதராஸில் பிறந்தவர், இயற்பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டார்சி. ஆங்கிலேயப் படைவீரரின் மகன். சிறுவயதிலேயே குடும்பம் லெஸ்டர் நகருக்குப் போய்விட்டது. அவர் பாடிய 'ரிலீஸ் மீ' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தில் நின்றார்கள்.

மதுரை வாசகர்: மேலே சொன்னதை ஏற்க முடியாது. இரண்டு பாட்டுகளின் விற்பனையைப் பிரித்து எண்ணியதால்தான் முதலிடம் போனது. அது அநியாயம்.

ஐயா, அப்படிப் பிரித்து எண்ணியது அமெரிக்கப் பட்டியல். அங்கே 'பென்னி லேன்' முதலிடத்துக்கும் மற்றது எட்டாம் இடத்துக்கும் வந்தன. பிரிட்டனில் இரண்டும் ஒரே வரியில் சேர்ந்தே நின்றன.

மீண்டும் மதுரை வாசகர்: அப்படியானால் இரண்டாம் இடம் தோல்விதானே?

எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள். அன்று பிரிட்டனில் ஒரே பட்டியல் இல்லை. பத்திரிகைக்குப் பத்திரிகை கடைகளில் விசாரித்துத் தனித்தனியாக வெளியிட்டன. 'மெலடி மேக்கர்' பட்டியலில் இதே தட்டு முதலிடம் பெற்றது. 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலைப் பிற்காலத்தில் அதிகாரபூர்வ வரலாறாக ஏற்றுக்கொண்டதால்தான் இன்று எல்லாரும் இரண்டாம் இடம் என்கிறார்கள். அதற்காக ஹம்பர்டிங்கைத் திருடனாக்காதீர்கள். 1967இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் அவருடையது. வீட்டில் பெரியவர்களும் கடைக்குப் போய்த் தட்டு வாங்கினார்கள்; அவர்கள் மனத்துக்கு உகந்த குரல் அது. அவர்கள் கொடுத்த காசும் காசுதான்.

தஞ்சை வாசகர்: 'பென்னி லேன்' நடுவில் வரும் அந்தக் கூர்மையான ஊதல்?

பிக்கலோ டிரம்பெட், உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சிறிய டிரம்பெட். தொலைக்காட்சியில் ஜெர்மானிய இசை மேதை பாக்கின் பிராண்டன்பர்க் இசை நிகழ்ச்சியைப் பார்த்த மெக்கார்ட்னி, அதில் ஊதிய டேவிட் மேசனையே வரவழைத்தார். மெக்கார்ட்னி வாயால் பாடிக் காட்ட, மார்ட்டின் அதைச் சுரப்படுத்திக் கொடுத்தார். அமெரிக்க வானொலிகளுக்கு முன்கூட்டி அனுப்பிய பிரதிகளில் பாட்டின் கடைசியிலும் அந்த ஊதல் உண்டு. விற்பனைக்கு வந்ததில் நீக்கிவிட்டார்கள்.

நெல்லை வாசகர்: ரசிகர்கள் எப்படி ஏற்றார்கள்?

திகைப்போடுதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துநர் டிக் கிளார்க் இந்தப் பாடல்களின் படச்சுருளைக் காட்டி, அரங்கிலிருந்த இளைஞர்களிடம் கருத்துக் கேட்டார். பலர் பாட்டைவிட நால்வரின் மீசையைப் பற்றித்தான் பேசினார்கள். வயதானவர்கள் போலிருக்கிறார்கள் என்று முகம் சுளித்தார்கள்.

ஈரோடு வாசகர்: முதலிடம் கிடைத்ததா, இல்லையா?

மேலே எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கரூர் வாசகர்: கிட்டாரில் இதை எப்படி வாசிப்பது?

கிட்டார் ஆசிரியரைக் கேளுங்கள். ஸ்டீரியோவை வைத்துப் பழகாதீர்கள்.

புதுச்சேரி வாசகி: ஸ்ட்ராபெரி ஃபீல்ட் என்று உண்மையில் ஓர் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. லிவர்பூலின் வூல்டன் பகுதியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு நடத்திய குழந்தைகள் இல்லம் அது. 2019இல் அந்த வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். லெனன் வளர்ந்த பெரியம்மா மிமியின் வீடு பக்கத்தில்தான். கோடையில் அந்தத் தோட்டத்தில் விழா நடக்கும். பேண்டு வாத்திய ஓசை கேட்டதும், கிளம்பு கிளம்பு என்று சிறுவன் பெரியம்மாவை அவசரப்படுத்துவானாம்.