தோற்றால் கத்தும் பிள்ளையை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, என்ன செய்வது?

நான்கு வயது மகன் ஆட்டத்தில் தோற்றால் கத்துகிறான், மற்ற பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள், நான் எங்கே தவறு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நீங்களும் வேலை முடிந்து, பாலர் பள்ளி மூடுகிற ஏழு மணிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டி வருகிறவராகத்தான் இருப்பீர்கள்.

என் மகள் பாலர் பள்ளியில் கே1 வகுப்பு படித்தபோது, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சறுக்குமரத்தில் வரிசையில் நிற்கவே மாட்டாள். முன்னால் நிற்பவரைத் தள்ளிவிடுவாள். ஒரே மாதத்தில், அவள் வருவதைப் பார்த்ததுமே மற்ற பிள்ளைகள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். "அம்மா, அவங்க ஏன் போறாங்க?" என்பாள். நானோ எல்லார் முன்னாலும் திட்டி, லிஃப்டுக்கு இழுத்துப்போவேன். மறுநாள் இன்னும் வேகமாகத் தள்ளுவாள்.

எதிர்வீட்டு மக்சிக்கிடம், அதாவது மலாய்க்காரப் பெரியம்மாவிடம், ஒரு பழைய சோங்காக் பலகை இருந்தது. நம் பல்லாங்குழி மாதிரிதான், மலாய்க்காரர்கள் ஆடுவது. முதல் நாட்களில் இவள் தோற்றதும் காய்களை வாரி இறைப்பாள். மக்சிக் திட்டியதே இல்லை. "சரி, நாளைக்கு" என்று பலகையை எடுத்து வைத்துவிடுவார். மூன்றாவது வாரம் ஒருநாள் பார்க்கிறேன்: மக்சிக் காய் போடும்போது இவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இப்ப மக்சிக், அப்புறம் நான், இப்ப மக்சிக், அப்புறம் நான்" என்று முணுமுணுக்கிறாள்.

அந்த முணுமுணுப்பை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். குழந்தை முதலில் வாய்விட்டுப் பேசித் தன்னைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் அதுவே மனசுக்குள் போய்ச் சிந்தனையாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 90 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். என் மகள் சறுக்குமரத்திலும் அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற பையன் என்ன சொல்கிறாய் என்று கேட்டு, அவனும் கூடச் சேர்ந்து சொன்னான். அவன்தான் அவளுடைய முதல் நண்பன்.

"ரெண்டு போடு போட்டால் சரியாகும்" என்பவர்கள் வருவார்கள். அடிக்குப் பயந்து நிற்கும் கை, அம்மா கண்ணில் படாத இடத்தில் நிற்காது. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்று பிள்ளைகளின் பொறுமையைப் பார்த்த மார்ஷ்மெல்லோ சோதனையைக் காட்டி, இப்போதே பொறுமை இல்லாவிட்டால் எதிர்காலமே போச்சு என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அதை மறுபடி பார்த்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும், சின்ன வயதுப் பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் நிபுணர் இல்லை. பேச்சு தாமதம் போல வேறு கவலை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை, மாலையில் சத்தம் என்று புகார். பிள்ளைகள் முறை வைத்து விளையாட எங்கேதான் பழகுவார்கள்?

உங்கள் மகனுக்கு இப்போதைக்கு இரண்டு பேர் ஆடும் ஆட்டம் போதும். பத்து நிமிடம். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம்.