டாவை நெடிலாக அடிக்காதீர்கள்: ஹாம் ரேடியோ, மோர்ஸ் கேள்வி பதில்

இரண்டு வாரமாகச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு இன்று பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஓசைகளாக அனுப்பும் மோர்ஸ் முறையில், தந்தி அலுவலகத்தில் பல வருடம் கீ தட்டியவன். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடி வீட்டு மாடியில் ஹாம் ரேடியோவும் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோத் தொடர்பு) ஹெட்போனுமாக இருப்பவன்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவர்): ஐயா, வாட்ஸ்அப் காலத்தில் மோர்ஸ் எதற்கு? கேலியாகக் கேட்கவில்லை.

கேலியாகவே கேட்கலாம், தப்பில்லை. அவசியம் என்று பார்த்தால் அவசியமில்லை. கப்பல்களே 1999 பிப்ரவரியோடு மோர்ஸைக் கைவிட்டுச் செயற்கைக்கோள் முறைக்கு மாறிவிட்டன. நம் நாட்டுத் தந்தியும் 2013 ஜூலையில் முடிந்துபோனது. இப்போது மோர்ஸ் பிடிவாதமாக உயிரோடு இருப்பது எங்களைப் போன்ற ஹாம்களிடம்தான்.

ஆனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ரேடியோவில் குரலை அனுப்ப ஏறக்குறைய 2400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். அதே சக்தி சின்ன இடத்துக்குள் அடங்குவதால், குரல் இரைச்சலில் மூழ்கிப்போகும் இடத்திலும் மோர்ஸ் மெல்லிய விசில் மாதிரி மேலே தெரியும். 5 வாட் என்பது சாமி அறையில் எரியும் சின்ன எல்இடி பல்பு. அந்த 5 வாட்டில் இங்கிருந்து மலேசியாக்காரரோடு பேசியிருக்கிறேன். நடுவில் டவரும் இல்லை, கம்பெனியும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. 2004 சுனாமியின்போது அந்தமானில் போன் எல்லாம் படுத்துவிட, வேறு வேலையாகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்த ஹாம் குழுதான் வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது.

கேள்வி (கண்டனூர், இல்லத்தரசி): புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டேன் அண்ணே. எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் ரேடியோவில் கேட்டால் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. என்ன கோளாறு?

கோளாறு அட்டவணைதான் தங்கச்சி. அதை எடுத்துப் பரண்மேல் போடுங்கள்.

ஒலி காதில் விழுகிறது. அதைப் புள்ளி, கோடு என்று மனசு எண்ணுகிறது. எண்ணியதை அட்டவணையில் தேடுகிறது. தேடி முடிப்பதற்குள் அடுத்த மூன்று எழுத்து ஓடிப்போயிருக்கும். தவில் கற்கிற பிள்ளைகளைப் பாருங்கள். சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லி ஊறிய பிறகுதான் கை தவிலுக்குப் போகும். மோர்ஸும் அப்படித்தான். ஏ என்ற எழுத்து புள்ளி-கோடு அல்ல, ‘டிடா’ என்ற ஒரு ஓசை. கே என்பது ‘டாடிடா’. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுத்துக்கூட்டியா திரும்பிப் பார்க்கிறோம்?

இன்னொரு சங்கதி, தமிழ்க்காரர்களுக்கு மட்டும் புரிவது. மோர்ஸில் புள்ளியான ‘டி’ ஒரு மாத்திரை என்றால் கோடான ‘டா’ மூன்று மாத்திரை. ஆனால் நம் வாய்க்குக் குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று பழக்கம். அதனால் நம்மில் பலர் ‘டா’வை நெடிலாக இரண்டு மாத்திரையில் நிறுத்திவிடுகிறோம். வானம் தெளிவாக இருந்தால் எதிராளி எப்படியோ புரிந்துகொள்வார். இரைச்சல் வந்தால் உங்கள் டாவும் டியும் ஒன்றாகிவிடும். அது நெடில் அல்ல, அளபெடை. ‘டாஅ’ என்று இழுங்கள். எழுத்துக்குள் ஓசைக்கு ஓசை ஒரு மாத்திரை இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு. பள்ளியில் மாத்திரைக் கணக்குப் போட்டு வாங்கிய அடிக்கெல்லாம் இங்கேதான் பலன்.

பயிற்சிக்கு காக் முறை நல்லது. கே, எம் என்ற இரண்டே எழுத்தை முழு வேகத்தில் கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்தைச் சேருங்கள். மெதுவாகக் கேட்டுப் பழகி அப்புறம் வேகம் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள், மெதுவாகக் கேட்டால் மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியை மட்டும் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். தினம் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதில் பயனில்லை.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை): தந்தி ஆபீஸில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு ஹாம் தண்ணி பட்ட பாடாக இருந்திருக்குமே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் நாள் ஹெட்போனை மாட்டினேன், ஒன்றுமே விளங்கவில்லை! காரணம், தந்தி அலுவலகத்தில் நாங்கள் கேட்டது விசில் ஒலியை அல்ல. சவுண்டர் என்ற கருவியில் ஒரு பித்தளைக் கை மேலும் கீழும் விழுந்து ‘கட், கட’ என்று தட்டும். குளிரில் பல் தந்தியடிக்கிறது என்கிறோமே, அந்த ஓசை. இரண்டு தட்டலுக்கு நடுவில் உள்ள மௌனத்தை அளந்துதான் அது டியா டாவா என்று தெரிந்துகொள்வோம். ரேடியோவில் மௌனம் இருந்த இடத்தில் ஒலி இருக்கிறது. மூளையைத் திருப்பிப் போட எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கை மட்டும் மறக்கவில்லை. அதனால் வேகமாக அனுப்புவேன், எதிராளியும் அதே வேகத்தில் பதில் அடிப்பார், நான் விழிப்பேன். அசட்டுத்தனம்தான். எவ்வளவு வேகம் கேட்க முடியுமோ அவ்வளவு வேகம்தான் அனுப்ப வேண்டும்.

செட்டிநாட்டில் தந்தி என்றாலே வேறு கதை என்பது உங்களுக்கே தெரியும். சேவகர் சைக்கிள் வாசலில் நின்றாலே பிரிப்பதற்கு முன் உள்கட்டில் அழுகை தொடங்கிவிடும். பல நேரம் உள்ளே இருப்பது கல்யாண வாழ்த்தாக இருக்கும். வாழ்த்துகளுக்கு எண் உண்டு, எண்ணை மட்டும்தான் கம்பியில் அனுப்புவோம், வந்து சேரும் ஊரில் முழு வாக்கியமாக எழுதிக்கொடுப்பார்கள். இன்றைக்கு ஹாம்கள் விடைபெறும்போது ‘அன்பு வணக்கம்’ என்ற பொருளில் 73 என்று அடிக்கிறோமே, அதுவும் பழைய தந்திக்காரர்கள் விட்டுப்போன எண்தான்.

கேள்வி (பொன்னமராவதி): எஸ்ஓஎஸ் என்பதன் விரிவு என்ன?

விரிவே கிடையாது. ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது. மூன்று டி, மூன்று டா, மூன்று டி, இடைவெளியே விடாமல் ஒரே சரமாக. எவ்வளவு இரைச்சலிலும் தப்பாது என்பதால் 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி (சிங்கப்பூரில் வேலை, சொந்த ஊர் கானாடுகாத்தான்): வியூ3 (கட்டுப்படுத்தப்பட்ட நிலை) ஹாம் உரிமம் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது எங்கள் பழைய வீட்டில் 40 மீட்டர் அலைக்கு ஆன்டெனா கட்ட ஆசை. இடம் போதுமா?

இடமா? தெருவுக்குத் தெரு நீளும் வீட்டை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! பட்டணத்து அடுக்குமாடி ஹாம்கள் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். 40 மீட்டர் என்பது அலையின் நீளம், கம்பிக்கு அதில் பாதி போதும். நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் இந்த அரை அலை டைபோலுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர், நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து. முகப்பு மாடியிலிருந்து இரண்டாம் கட்டு வரை தாராளமாகப் போகும். வயரிங்குக்கு வாங்கும் செம்புக் கம்பியே போதும். முனைகளில் பிவிசி குழாய்த் துண்டு, நைலான் கயிறு, தூக்கி நிறுத்த இரண்டு சவுக்குக் கம்பு. கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு குறைக்கலாம், கூட்டுவதுதான் சிரமம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே இரும்புக் கம்பிவலை போட்டிருந்தால் அதற்குக் கீழே கட்டாதீர்கள், அது சிக்னலைத் தின்றுவிடும். வலைக்கு மேலே, ஓட்டுக்கூரையை விட்டு முடிந்த அளவு உயரத்தில் போகட்டும். செங்குத்து ஆன்டெனா வேண்டாம் என்பேன். அதற்குத் தரை நன்றாக மின்சாரம் கடத்த வேண்டும். நம் காய்ந்த செம்மண்ணும் சரளையும் அதற்கு லாயக்கில்லை, கீழே ஏகப்பட்ட கம்பி பரப்பினால்தான் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை இடிக்குக் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

அப்புறம், பங்கு வீடு என்றால் எல்லாப் பங்காளிகளிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அது டைபோலைவிட நீளமான வேலை.

கேள்வி (பலர்): உரிமம் எப்படி வாங்குவது? மோர்ஸ் கட்டாயமா?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம், சென்னையில் தேர்வு. ரேடியோ தத்துவமும் விதிமுறைகளும் கேட்பார்கள். கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் வேண்டாம். பொது நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும், அந்த வேகத்தில் ஒரு டி 150 மில்லிசெகண்ட், பயப்பட ஒன்றுமில்லை. உரிமம் வரும்முன் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கிடாக்கி வாங்கிவிடாதீர்கள், பலர் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவரை காதால் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை இன்டர்நெட்டில் யாரும் திருகிக் கேட்கலாம், இலவசம்.

கேள்வி (குன்றக்குடி): செட் விலை லட்சக்கணக்கில் சொல்கிறார்களே?

ஐதராபாத்தின் அஷர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் இருக்க ஏன் லட்சம்? சாதாரணக் கடைச் சாமான்களைக் கொண்டு நாமே பற்றவைத்துக் கட்டுகிற செட். உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள்.

கேள்வி (கோட்டையூர்): செட் போட்டால் ஒரே இரைச்சல். ஆன்டெனா பழுதா?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே: மலிவு எல்இடி, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். அடங்காவிட்டால் பக்கத்து வீடு. எங்கள் தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டுவார்கள், நான் மட்டும் மாடிக்கு ஓடுவேன்.

கேள்வி (பள்ளத்தூர், பெரியவர்): எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனவர். அங்கே கடை இருந்த தெருப் பெயர்கூட நினைவிருக்கிறது. பர்மாவோடு பேச முடியுமா தம்பி?

வழி இருக்கிறது, ஆள்தான் அரிது. இங்கிருந்து ரங்கூன் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர், ரேடியோவுக்கு அது தூரமே இல்லை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்தில் டி (D) என்ற கீழ் அடுக்கு உறிஞ்சிவிடும், கொழும்பு வரை எட்டினால் சரி. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்குக் கரைந்துபோகும். மேலே உள்ள அடுக்கில் பட்டு அலை கடல் தாண்டும். இலங்கையின் 4எஸ்7, மலேசியாவின் 9எம்2, சிங்கப்பூரின் 9வி என்று பெயர் தொடங்கும் நிலையங்கள் எல்லாம் எனக்குச் சரளமாகக் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஐயா கப்பலில் நாள் கணக்கில் போன கடலை ஒரு ‘டி’ நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். பர்மாவின் எக்ஸ்இசட் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் பெயரும் சிக்னல் அளவும் சொல்லி முடிப்பதற்குள் மங்கிப்போனது. அடுத்த முறை காதில் விழுந்தால் உங்கள் தெருவைக் கேட்கிறேன். பெயரை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி (காரைக்குடி, ஆச்சி): என் பேரனுக்குப் பத்து வயது. நீங்கள் தட்டுவதைப் பார்த்ததிலிருந்து டம்ளர், தட்டு எல்லாவற்றிலும் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் உரிமம் வாங்க முடியுமா?

பன்னிரண்டு முடிய வேண்டும் ஆச்சி. இரண்டு வருடம் டம்ளரிலேயே தட்டட்டும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘டாஅ’ மூன்று மாத்திரை வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வயதுக்குக் கீழ்வரம்புதான் உண்டு, மேல்வரம்பு கிடையாது. நீங்கள் நாளைக்கே விண்ணப்பிக்கலாம்.