பாதி லென்ஸை மறைத்தால் பாதிப் படம் போய்விடுமா?

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குவிலென்ஸின் கீழ்ப் பாதியைக் கருப்புத் தாளால் மறைத்தால் திரையில் பிம்பம் எப்படி இருக்கும் என்று மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். 'பாதி பிம்பம்தான் தெரியும்' என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். புத்தகத்தில் உள்ள கதிர்ப் படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எது சரி?
வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: முழுப் பிம்பமும் தெரியும் அம்மா. வெளிச்சம்தான் பாதியாகக் குறையும். மகளைத் திட்டிவிடாதீர்கள், ஏனென்றால் இதே இடத்தில் நானும் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு மாணவன் 'முழுதும் தெரியும், மங்கலாக' என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பையன் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்து, "சார், ஒரு தடவை வச்சுப் பார்த்துடலாமா?" என்று கேட்டான்.

சரி என்று ஜன்னலைச் சாத்தினோம். 20 செ.மீ குவியத் தொலைவு உள்ள லென்ஸ், அதாவது வெகு தூரத்திலிருந்து வரும் ஒளியை 20 செ.மீ தள்ளி ஒரு புள்ளியில் (குவியத்தில்) கூட்டும் லென்ஸ். அதற்கு 40 செ.மீ முன்னால் மெழுகுவத்தி, 40 செ.மீ பின்னால் வெள்ளைத் திரை. சுடர் அதே அளவில், தலைகீழாகத் திரையில் வந்து நின்றது. நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை அவன் லென்ஸின் கீழ்ப் பாதியில் ஒட்டினான். சுடர் கொஞ்சம் மங்கியது, ஆனால் நுனியும் இருந்தது, அடியும் இருந்தது, திரி கூடத் தெரிந்தது. பிறகு ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை போட்ட தாளை வைத்தான். இன்னும் மங்கல், அப்போதும் முழுச் சுடர். அங்கேயே விடைத்தாளை வாங்கித் திருத்திக் கொடுத்தேன். அதற்கப்புறம் மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டாமல் நான் கதிர்ப் படம் போட்டதே இல்லை.

குழப்பம் அந்தக் கதிர்ப் படத்தில்தான் இருக்கிறது. பொருளின் நுனியிலிருந்து இரண்டு கோடுகள் போடுகிறோம். ஒன்று முதன்மை அச்சுக்கு (லென்ஸின் நடுவே நேர்குத்தாகப் போகும் கோட்டுக்கு) இணையாகப் போய், லென்ஸில் வளைந்து, குவியம் வழியாக வரும். இன்னொன்று லென்ஸின் மையத்தின் வழியாக நேராகப் போகும். இவை ஸ்கேல் வைத்துச் சுலபமாகப் போடக்கூடிய கோடுகள், அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நுனியிலிருந்து இந்த இரண்டு கதிர்தான் கிளம்புகிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கோட்டைத் தாள் மறைத்துவிட்டால் நுனியே போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

உண்மையில் சுடரின் நுனி எல்லாப் பக்கமும் ஒளியை வீசுகிறது. அதில் லென்ஸின் முகம் முழுவதும் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவும் ஒரு கூம்பு. லென்ஸ் அதை வாங்கி, மறுபக்கம் இன்னொரு கூம்பாகக் கூட்டி, ஒரே புள்ளியில் கொண்டு சேர்க்கிறது. இரண்டு புனல்களை வாயோடு வாய் பொருத்தியது போல நினைத்துக்கொள்ளுங்கள். வாய் சேரும் இடம் லென்ஸ், ஒரு முனை பொருளில், மறுமுனை பிம்பத்தில். சுடரின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஒரு ஜோடிப் புனல் உண்டு, எல்லா ஜோடிக்கும் லென்ஸ் பொது. பாதி லென்ஸை மறைத்தால் ஒவ்வொரு புனலிலும் பாதி ஒளி தடைபடும். முனை இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணுக்குள் படம் எப்படி விழுகிறது என்று 1604-ல் கெப்ளர் விளக்கியதும் இந்தக் கூம்புகளை வைத்துத்தான்.

உங்கள் கண்ணே தினமும் இதைச் செய்கிறது. நல்ல வெயிலில் கண்மணி சுமார் 2 மி.மீ அளவுக்குச் சுருங்கிவிடும், இருட்டில் இளைஞர்களுக்கு 7 மி.மீ வரை விரியும். அதற்காக வெயிலில் தெருவின் ஓரங்கள் வெட்டுப்பட்டா தெரிகின்றன?

மகளோடு வீட்டிலேயே செய்து பாருங்கள். யாருடையதாவது வெள்ளெழுத்துக் கண்ணாடி போதும், இரட்டைப் பவர் இல்லாததாக இருக்கட்டும். +2.5 என்றால் குவியத் தொலைவு 40 செ.மீ. பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து 40 செ.மீ-க்குச் சற்று அதிகத் தூரத்தில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினால் ஜன்னல் கம்பியும் வெளியே உள்ள மரமும் தலைகீழாக விழும். பாதிக் கண்ணாடியை விரலால் மூடுங்கள். பிறகு அதே விரலைக் கண்ணாடியை விட்டு மெல்லச் சுவர் பக்கம் நகர்த்துங்கள். சுவரை நெருங்க நெருங்கப் படத்தில் ஒரு பகுதி உண்மையாகவே மறையும். அங்கே புனல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டன. விரல் சில புனல்களை முழுதாக அடைக்கிறது, மற்றவற்றைத் தொடுவதே இல்லை.

கேள்வி: திரையை எடுத்துவிட்டால் மெய் பிம்பம் எங்கே போகும்?
பதினோராம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

பதில்: மெய் பிம்பம் என்றால் திரையில் பிடிக்கக்கூடிய பிம்பம். அது எங்கேயும் போகாது தம்பி, அந்த இடத்திலேயே நிற்கும். ஒளி அந்தப் புள்ளியில் கூடி, தாண்டி, மறுபடி விரிந்துகொண்டே போகிறது. திரை அந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிகிறது. திரை இல்லாவிட்டால் அந்த விரியும் ஒளிக்குள் கண்ணை வைப்பவருக்கு மட்டும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று சொல்கிறேன். வெள்ளைத் தாளில் எண்ணெய் தடவி, திரைக்குப் பதிலாகப் பிடியுங்கள். பின்பக்கம் 30, 40 செ.மீ தள்ளி நின்று லென்ஸைப் பார்த்தால் தாளில் சுடர் தெரியும். இப்போது தாளைப் பாதி மட்டும் விலக்குங்கள். பாதிச் சுடர் தாளில், மீதிப் பாதி காற்றில், இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் கையை நீட்டித் தொடப் போனேன்.

கேள்வி: லென்ஸால் காகிதத்தைக் கருக்கும்போது விழும் வெளிச்சப் பொட்டு ஏன் வட்டமாக இருக்கிறது? லென்ஸ் வட்டமாக இருப்பதாலா?
வாசகர், ஈரோடு

பதில்: இல்லை, சூரியன் வட்டமாக இருப்பதால். அந்தப் பொட்டு சூரியனின் பிம்பம். சூரியன் தன் விட்டத்தைப் போலச் சுமார் 107 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதே கணக்கில் பிம்பத்தின் விட்டமும் குவியத் தொலைவில் 107-ல் ஒரு பங்கு. ஆகவே 20 செ.மீ குவியத் தொலைவு உள்ள லென்ஸில் பிம்பம் 2 மி.மீ-க்குச் சற்றுக் குறைவு. +1 பவர் கண்ணாடிக்குக் குவியத் தொலைவு 1 மீட்டர், பொட்டு 9 மி.மீ-க்கு மேல் இருக்கும். அடுத்த பகுதிச் சூரிய கிரகணத்தன்று அந்தக் கண்ணாடியால் தரையில் ஒரு வெள்ளை அட்டையில் பிம்பத்தை விழவைத்துப் பாருங்கள், பிறை வடிவில் விழும். ஆனால் லென்ஸ் வழியாகச் சூரியனைக் கண்ணால் எந்த நாளும் பார்க்கவே கூடாது, அப்படிப் பார்த்தால் அந்தப் பொட்டு உங்கள் விழித்திரையில்தான் விழும்.