கார்னெட்டின் நடுவும் ஓரமும்: கேள்வி பதில்

சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிய உருமாற்றப் பாறைகளில் வளரும் கார்னெட் என்ற கனிமத்தின் நடுவும் ஓரமும் வேறு வேறு கலவை கொண்டவை என்று சொல்லியிருந்தேன். அதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், கையில் எடுத்துப் பார்த்தால் ஒரே சிவப்பு. நுண்ணோக்கியிலும் எல்லாம் ஒரே மாதிரிதான். நடுவில் ஒரு கலவை, ஓரத்தில் இன்னொன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கண்ணுக்குத் தெரியாதுதான். பாறையைச் சீவி 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் கார்னெட் லேசான இளஞ்சிவப்பாக இருக்கும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் இரண்டு துருவத் தகடுகளைக் குறுக்காகப் போட்டால் கும்மிருட்டு. எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற கருவியில் வைத்து, எலக்ட்ரான் கற்றையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, வெளிவரும் எக்ஸ் கதிர்களை அளந்தால்தான் விஷயம் தெரியவரும். மாங்கனீசு வரைபடம் திரையில் வரி வரியாக விழ விழ நடுவில் சிவப்பு (அதிகம்), அதைச் சுற்றி மஞ்சள், பச்சை, ஓரத்தில் நீலம் (குறைவு) என்று வளையங்கள் கூடிவரும். நிறங்கள் கணினி போடுபவைதான், ஆனாலும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கார்னெட்டின் படிக அமைப்பில் இரும்பு, மெக்னீசியம், மாங்கனீசு, கால்சியம் நான்கும் ஒரே வகை இருக்கைக்குப் போட்டி போடுகின்றன. எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது அந்த நேரத்து வெப்பநிலை, அழுத்தம், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் சரக்கு ஆகியவற்றைப் பொறுத்தது.

அப்படியானால் மாங்கனீசு மட்டும் ஏன் நடுவில் குவிகிறது?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாயச வாளியோடு வருபவர் முதல் சில இலைகளுக்கு முந்திரியைத் தேடித் தேடி அள்ளிவிடுகிறார். கடைசி இலைக்கு வரும்போது பாயசம் இருக்கும், முந்திரி இருக்காது. இலையில் விழுந்தது வாளிக்குத் திரும்புவதும் இல்லை.

களிமண் வழிப் பாறை புதையுண்டு, 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் குளோரைட் (பச்சைத் தகட்டுக் கனிமம்), குவார்ட்சு இரண்டும் வினைபுரிந்து கார்னெட் முளைக்கிறது, தண்ணீர் வெளியேறுகிறது. மாங்கனீசுக்கு மற்ற கனிமங்களைவிடக் கார்னெட்தான் பிடித்த வீடு. பாறையில் இருப்பதே கொஞ்சம், அதில் பெரும்பங்கை முதலில் வளரும் நடுப்பகுதி இழுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள பாறையில் மாங்கனீசு வற்ற வற்ற அடுத்தடுத்த அடுக்குகளுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. வரைபடமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழும் மணி போல இருக்கும். 1966-ல் ஹாலிஸ்டர் என்ற பாறையியலாளர் இதை ராலேயின் பிரிகைச் சமன்பாட்டை (எடுக்க எடுக்க மிச்சம் எப்படிக் குறைகிறது என்ற கணக்கு) வைத்து விளக்கினார். இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: படிகத்துக்குள் அணுக்கள் இடம் மாறக் கூடாது. அதைக் கீழே பார்ப்போம்.

என் சாம்பிளில் மணி வடிவம் வந்தது. ஆனால் கடைசி விளிம்பில் மாங்கனீசு மறுபடி சட்டென்று ஏறுகிறது. கருவிக் கோளாறா அண்ணா?

கருவியைத் திட்டாதீர்கள் தம்பி. பாறை ஆறும்போது கார்னெட் ஓரத்திலிருந்து கரைந்திருக்கும். கரைந்த பகுதியின் இரும்பும் மெக்னீசியமும் பயோடைட் (கறுப்பு மைக்கா), குளோரைட் என்று போய்ச் சேர்ந்துவிடும். மாங்கனீசுக்குப் போக்கிடம் கிடையாது. மிச்சமிருக்கும் கார்னெட்டின் விளிம்புக்குள்ளேயே திரும்பப் புகும். படிகத்தின் ஓரம் நேராக இல்லாமல் அரித்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே பாறையில் மூன்று கார்னெட்டை அளந்தேன். ஒன்றில் மாங்கனீசு அதிகம், இரண்டில் குறைவு. மூன்றும் வேறு வேறு காலத்தில் முளைத்தவை என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. எலுமிச்சையை நடுவில் வெட்டினால் விதை தெரியும், ஓரமாகச் சீவினால் தோல்தான். உங்கள் சீவல் அந்த இரண்டின் நடுப்பகுதியைத் தொடாமலே போயிருக்கலாம். சீவலில் பார்க்கும் மிகப் பெரிய படிகத்தை முதலில் எடுங்கள். முடிந்தால் பாறைத் துண்டை உள்ளே அடுக்கடுக்காகப் படமெடுக்கும் எக்ஸ் கதிர் டோமோகிராஃபியில் வைத்து மையம் எங்கே என்று பார்த்துவிட்டு அறுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு வருட வேலையைத் திரும்பச் செய்தவன்.

வெப்பநிலை கணக்கிட நடுப்பகுதியோடு எந்தப் பயோடைட்டை ஜோடி சேர்ப்பது?

எதையும் சேர்க்காதீர்கள். நடுப்பகுதி வளர்ந்தபோது இருந்த பயோடைட்டின் கலவை இன்று பாறையில் இல்லை. அது அதன்பின் மாறிவிட்டது. 1978-ல் ஃபெர்ரியும் ஸ்பியரும் சோதனை செய்து கொடுத்த கார்னெட்–பயோடைட் வெப்பமானி (இரும்பையும் மெக்னீசியத்தையும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் விதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுவது) நல்ல கருவிதான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் சமநிலையில் இருந்திருக்க வேண்டும். விளிம்பை எடுத்தாலும், மேலே விளிம்பு பற்றிய கேள்வியில் சொன்ன கரைதல் நடந்திருந்தால் பயோடைட்டில் இரும்பு கூடி, பாறை பார்த்தேயிராத உயர்ந்த வெப்பநிலை வந்து நிற்கும்.

கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் உள்ள கார்னெட்டிலும் இந்த வளையங்கள் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. அந்த மணலில் தெரியும் செந்நிறக் கோடுகள் உள்நாட்டில் மிக உயர்ந்த சூட்டில் உருவான கிரானுலைட் வகைப் பாறைகள் சிதைந்து வந்தவை (கூடவே இருக்கும் கறுப்பு மணல் இல்மனைட் என்ற கனிமம்). மேலே சொன்ன நிபந்தனை இங்கேதான் உடைகிறது. சுமார் 650, 700 டிகிரியைத் தாண்டி நெடுங்காலம் வெந்தால் அணுக்கள் நகர்ந்து வளையங்கள் கலந்துவிடும். சிறிய படிகத்தின் வளையங்கள் முதலில் அழியும், பெரியதன் வளையங்கள் தாக்குப்பிடிக்கும். கால்சியம் மற்ற மூன்றைவிட மெதுவாக நகர்வதால் அதன் வளையம் சில சமயம் தப்பும். மதுரை வட்டாரப் பாறைகள் சில 900 டிகிரிக்கும் மேல் கண்டவை. அவற்றின் கார்னெட்டில் நடுவெல்லாம் ஒரே கலவை, வரைபடம் சமதளம். பயோடைட்டைத் தொடும் விளிம்பில் மட்டும் மெக்னீசியம் குறைந்து இரும்பு ஏறியிருக்கும். அது வளர்ந்த கதை அல்ல, ஆறிய கதை.

கோமேதகமும் கார்னெட்தானாமே?

ஆமாம். கால்சியம் மிகுந்த கிராசுலர் வகை. ராசிபலன் என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு கார்னெட் வளர எவ்வளவு காலம் ஆகும் சார்?

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனிப்பந்து உருண்டதுபோல் உள்ளே சுருள் கோடுகள் கொண்ட கார்னெட்டுகள் உண்டு. (படிகம் சுழன்றதா, சுற்றியுள்ள பாறை சுழன்றதா என்று இன்னும் சண்டை.) கிறிஸ்டென்சன், ரோசன்ஃபெல்ட், டிபாவ்லோ மூவரும் 1989-ல் அவற்றின் நடுவையும் ஓரத்தையும் தனித்தனியாக எடுத்து ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதத்தை அளந்தார்கள். சுற்றியுள்ள பாறையில் ருபீடியம் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 கூடிக்கொண்டே போகிறது. கார்னெட்டில் ருபீடியம் ஏறக்குறைய இல்லை என்பதால் ஒவ்வொரு அடுக்கும் அந்தந்த நேரத்து விகிதத்தை அப்படியே பூட்டிவைக்கிறது. வந்த விடை சராசரியாக 1 கோடி ஆண்டை ஒட்டியது. ஆரம் 10 லட்சம் ஆண்டுக்கு 1.4 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அப்புறம் ஆஸ்திரிய ஆல்ப்ஸ் கார்னெட் ஒன்றில் இன்னும் மெல்லிய அடுக்குகளாக எடுத்து அளந்தபோது, சீரான வேகமே இல்லை, இடையில் கிடுகிடுவென வளர்ந்த கட்டங்கள் இருந்தன என்று தெரிந்தது. அதனால் அந்த 1.4-ஐ உங்கள் சாம்பிளுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.