வண்டி டவுட்டு: நசுங்குன பாக்ஸுக்குள்ள ஃபோம் அடிக்கலாமுங்களா?

கேள்வி: ஏனுங்ணா, பெருந்துறை பைபாஸ்ல முன்னாடி போன டெம்போ சடன் பிரேக் போட்டு என் காரு அதும் பின்னால முட்டிருச்சுங்க. பம்பருக்குப் பின்னாடி, முட்டுனா அடிய வாங்கறதுக்குன்னு குழாயாட்ட இருக்குமே கிராஷ் பாக்ஸ், அதுல ஒண்ணு நசுங்கிப்போச்சு. டிங்கர் பட்டறைல, புதுசெல்லாம் எதுக்கு, தட்டி நிமித்தி உள்ள சந்து அடைக்கற பியூ ஃபோம் ஸ்ப்ரே அடிச்சுட்டா முன்னவிட ஸ்ட்ராங்குங்கறாரு. செய்யலாமுங்களா?
- வாசகர், விஜயமங்கலம்

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. அவரு சொல்றதுல பாதி நெசம், அதாங்க வில்லங்கமே. அலுமினியக் குழாய்க்குள்ள அலுமினிய ஃபோம் நெறச்சு நசுக்குனா, ரெண்டும் தனித்தனியா வாங்கற சக்தியக் கூட்டுனா வர்றதவிட ஜாஸ்தியாவே வாங்குமுங்க, உள்ள ஃபோம் முட்டுக் குடுக்கறதால குழாய் பெரிய மடிப்பா மடியாம சின்னச்சின்னதா நெறைய மடிப்பு உழுகுது, அத்தன மடிப்பும் சக்தியத் திங்குது. ஆனா அது அடர்த்தி கணக்குப் பண்ணி வெக்கற ஃபோமுங்க. ஓவரா கெட்டியாப் போனா தகடு கிழியும், இல்லீன்னா நடுவுல வளைஞ்சு ஒரு பக்கமாச் சாஞ்சுக்கும். சந்து அடைக்கற ஸ்ப்ரே டப்பா இந்தக் கணக்குலயே வராது.

ஸ்ட்ராங்கா இருக்கோணும்ங்கற நெனப்பே தப்புங்க, அது நசுங்கறதுக்குன்னே வெச்ச சாமான். லேப்ல டிராப் டவருன்னு ஒசரமான சட்டத்துல எடையத் தூக்கி பாக்ஸு மேல போடுவாங்க, 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 90 சென்டிமீட்டர் ஒசரம் போதும், 64க்குன்னா 16 மீட்டர் வேணும். கீழ லோட் செல்லுங்கற கருவி அடியோட பலத்த அளக்கும். கிராஃப்ல மொத அடிக்கு வர்ற உச்சம் கம்மியா இருக்கோணும், அப்பறம் ரொம்ப ஏறி எறங்காம ஒரே மட்டத்துல போகோணும். அந்த உச்சத்தக் கொறைக்கத்தான் நெறைய பாக்ஸுல வேணும்னே பள்ளம் அடிச்சு உடறாங்க, மடிப்பு அங்கிருந்து ஆரம்பிக்கோணும்னு. உங்க பட்டறைக்காரரு சுத்தியல எடுத்தா மொதல்ல நிமித்தறது அந்தப் பள்ளத்தத்தான்!

ஒருக்கா மடிஞ்ச தகடு மறுக்கா அதே மாதிரி மடியாதுங்க. அது மடியலீன்னா அடி நேரா பின்னாடி சேசிஸ் ரெயிலுக்கு, அதாவது வண்டியத் தாங்கற நீளச் சட்டத்துக்குப் போயிரும், ஏர்பேக் எப்ப விரியோணும்ங்கற கணக்கும் மாறலாம். காரோட பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கறதுக்கு 2023 அக்டோபர்ல வந்த பாரத் என்கேப் டெஸ்ட்டுல 64 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பாக்கறாங்க, 15ல இருக்கற சக்தியவிட அது 18 மடங்கு, அதுல பாக்ஸோட பங்கு கொஞ்சந்தான், ஆனாலும் மொத அடிய வாங்கறது அதானுங்க.

போல்ட்டுல மாட்டுனதா இருந்தா கழட்டிட்டுப் புதுசு போடுங்க, இன்சூரன்ஸ்ல கேளுங்க. ரெயில் நேரா இருக்கான்னு அளந்து பாக்காம வண்டிய வெளிய எடுக்காதீங்க.